வெந்நீர்த் தொட்டியில் ஓர் எதிர்வழக்கு

வடகடல் தன் நீண்ட குளிர்க்கையை இரு மலைத்தொடர்களுக்கிடையே நுழைத்து, இனி நீட்ட இடமில்லை என்று ஓய்ந்த கரையில், பனிப்பொதி சுமந்த சாய்கூரைகளும், அலையடங்கிய துறையில் தோளோடு தோள் உரசி நின்ற மீன்படகுகளும், மேட்டில் தனித்து ஒதுங்கிய கூர்ங்கோபுரக் கோயிலுமாக அச்சிற்றூர், விடிந்தும் விடியாத ஒளியில் கண்விழித்துக்கொண்டிருந்தது. மார்கழி மாதத்தில் அவ்வூரார்க்குக் கதிரவன் முகம் காட்டும் வழக்கமில்லை. முற்பகல் முதிர்ந்த வேளையில் தென்மலைக்கு அப்பால் நின்றபடியே முகடுகளில் சிறிது செம்மை பூசி, நலமா என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கும் காத்திராமல் போய்விடுவான். அந்தச் செம்மை முகட்டிலிருந்து வழிந்து, பனிச்சரிவில் இறங்கி, கடல்நீரில் தோய்ந்து கரைந்த அவ்வேளையில், நிலத்தின் அடிவயிற்றிலிருந்து பொங்கிவந்த வெந்நீரைத் தேக்கிய ஊர்ப்பொது நீச்சற்குளத்தின் ஆவி மட்டுமே ஊர் நடுவே வெண்டூணாய் எழுந்து நின்றது.

அது நூல்கள் பிறக்கும் பருவம். ஆண்டு முழுவதும் எழுதியவர் எழுதியதெல்லாம் இலையுதிர்ந்த பின்னரே அச்சேறி, கிறித்துப் பிறப்பு விழாவுக்குள் வீடுவீடாய்ப் புகுந்துவிடும். விழா முன்னிரவில் ஒருவருக்கொருவர் நூலே கொடுத்து, நூலே பெற்று, இனிப்பை மென்றுகொண்டே கண் எரியப் படிப்பர். ஆகவே அப்பருவத்தில் வலையில் விழுந்த மீனைக்காட்டிலும் கதையில் விழுந்த மாந்தரைப் பற்றியே தெருவில் பேச்சு மிகும். கறிக்கடைக்காரர் ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டே ஒரு கவிஞரையும் சேர்த்து வெட்டுவார். அஞ்சற்காரர் பொதியைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நூலின் முடிவு சரியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போவார். அவ்வூரில் பாதிப்பேர் நூல் எழுதியவர், மீதிப்பேர் எழுதிக்கொண்டிருப்பவர் என்று அயலூரார் கேலி பேசுவதில் பொய் மிகுதியாக இல்லை.

நூல்நயம் தேரும் அன்பரே, அக்குளத்தின் ஓரத்தில் கழுத்தளவு நீரில் அமர்ந்திருக்கத்தக்க வட்டமான வெந்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே காரிக்கிழமையாகிய சனிதோறும் முற்பகலில் கூடும் நால்வரைப் பற்றியதே இக்கதை. முதலாமவள் ஊனா, சுற்றுவட்டத்துப் பண்ணைகளின் பசுக்களுக்கும் ஆடுகளுக்கும் மருத்துவம் பார்ப்பவள், தோள்வரை கையை மாட்டின் வயிற்றுக்குள் விட்டுக் கன்றை உருவி எடுக்கும் அவள், நூலின் வயிற்றுக்குள்ளும் அவ்வாறே கையை விடுவாள். இரண்டாமவன் இல்லுகி, கோயிற்குரு. ஞாயிற்றுக்கிழமை மேடையில் உறுதியாகச் சொல்வதையெல்லாம் காரிக்கிழமை தொட்டியில் ஐயுறுபவன். மூன்றாமவள் நன்னா, அடுமனைக்காரி. கருக்கலுக்கு முன்பே மாவு பிசைந்துவிட்டு, அப்பம் வேகும் இடைவேளைகளிலேயே ஒரு நூலகத்தைப் படித்து முடித்தவள். நான்காமவன் தோர்வி, ஊர்ப்பள்ளியின் கணக்காசிரியன். கூச்சமும் பிடிவாதமும் ஒருசேரக் குடியிருந்த ஒல்லியன். நால்வரும் ஏறத்தாழ ஓரகவையினர். ஒருவரையொருவர் பெயர் சொல்லி நீ, வா, போ என்றே பேசிக்கொள்வர்.

அத்தொட்டிக்கெனச் சில நடைமுறைகள் இருந்தன. காரிக்கிழமைக்கு ஒரு நூலாக எடுத்து வாதிடுவர். நீரில் கடைசியாக இறங்குபவர் யாரோ அவரே அன்றைய நூலுக்கு எதிர்வழக்காட வேண்டும். நூல் அவருக்கு உயிரேயாயினும் தயங்காமல் தாக்கவேண்டும். வாதம் முடிந்ததும் தீர்ப்பு. நூலை ஏற்பவர் வலக்கையை நீருக்கு மேலே உறைபனிக் காற்றில் நேராக உயர்த்தவேண்டும். நால்வரும் முடிவு சொல்லும்வரை அதை இறக்கலாகாது. வெந்நீரில் ஊறிய கை உறைபனியில் படும் பாட்டைப் பொறுத்துக்கொள்ள அரைகுறை அன்பு போதாது என்று இவ்வழக்கத்தைக் கொண்டுவந்தவள் ஊனா. எதிர்வழக்காடியவரும் தீர்ப்பு வேளையில் உள்ளத்தில் உள்ளதையே காட்டவேண்டும். நான்கு கைகளும் எழுந்தால் அது அவ்வாண்டின் ‘தொட்டி நூல்’. அதன் பெயரை நன்னா தன் கடை வாயிற்பலகையில் எழுதுவாள். ஊரில் பாதி வீடுகளில் விழா இரவில் அந்நூலே பிரிக்கப்படும். ஒரு கை குறைந்தாலும் நூல் தள்ளப்படும்.

அவ்வாண்டில் வந்த நூல்கள் ஒவ்வொன்றும் மூன்று கைகளோடும் இரண்டு கைகளோடும் மூழ்கிப்போக, விழாவுக்கு முந்திய கடைசிக் காரிக்கிழமைக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு நூல். ‘கணவாய்க்கு இப்பால்’ என்பது அதன் பெயர். ஓர்மூர் என்னும் ஒருவர் எழுதியது. அந்த ஓர்மூர் யார், எவ்வூர், எப்படி இருப்பார் என்று எவருக்கும் தெரியாது. நமக்குத் தெரியலாம், அவன்தான் தோர்வி.

ஆண்டுகள் பலவாக, பள்ளி விட்ட பின் கதவைத் தாழிட்டு, உடன்பிறந்தாளிடமும் மூச்சு விடாமல், எழுதியும் அடித்தும் மறுபடி எழுதியும் அவன் பெற்றெடுத்த முதல் நூல் அது. ஊர்க்காரன் நூல் என்றால் நண்பர் முகத்துக்காகப் புகழ்வர், அல்லது முகத்துக்காகவே இகழ்வர். இரண்டும் தனக்கு வேண்டா என்றுதான் புனைபெயருக்குள் புகுந்துகொண்டான். தலைநகரத்து இதழ்கள் நான்கு நல்ல சொல் சொல்லியிருந்தன. அவை அவன் பசிக்குப் போதவில்லை. அம்மூவர், அதிலும் ஊனா, கையை உறைபனியில் நீட்டவேண்டும். தன் பெயர் தெரியாமலே நீட்டவேண்டும். அந்த ஒன்றுக்காக அவன் உள்ளம் இரவு பகலாக ஏங்கிக் கிடந்தது.

நூலின் கதை இதுதான். ஆள் அற்றுப்போன மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் ஆசா என்பவள் வாழ்கிறாள். கணவன் உயிர் பிரியும் வேளையில் அவன் கையைப் பற்றி, தான் உள்ளளவும் அவ்வீட்டுப் புகைபோக்கியில் புகை நிற்காது என்று உறுதி சொல்கிறாள். அயலார் ஒவ்வொருவராய்க் கணவாய் கடந்து ஊருக்குப் போய்விட, அவள் ஒருத்தி மட்டும் சதுப்பில் வெட்டி உலர்த்திய புற்கரியும் எருவும் இட்டு அடுப்பை அணையாமல் காத்துவருகிறாள். கடைசி இயலில், முதுமை மேலிட, மகள் வந்து அழைத்துப்போக, ஊரில் பேரப்பிள்ளைகள் சூழ அவள் சிரித்திருப்பதோடு நூல் முடிகிறது.

அன்று முற்பகல் தோர்வி குளத்துக்கு நேரத்தோடுதான் வந்தான். ஆயினும் குளிப்பறையில் சவர்க்காரம் இட்டுத் தலையைக் கழுவியவன், கழுவியது நினைவில்லாமல் மறுபடியும் கழுவினான். குளத்துக் காவற்காரர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஐயத்தோடு எட்டிப்பார்த்தார். பிறகு வெறுங்காலோடு பனிப்பாதையில் இறங்கித் தொட்டியை நோக்கி விரைந்தவன், ஆவித்திரைக்கு அப்பாலிருந்து வந்த பேச்சைக் கேட்டு மரம்போல் நின்றுவிட்டான். அந்த நூலைக் கீழே வைக்க முடியாமல் ஓர் அடுப்பு அப்பத்தை முழுவதும் கரியாக்கிவிட்டதாக நன்னா சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுமொழியாக எழுந்தது ஊனாவின் தடித்த குரல்.

“யாருன்னு தெரியல. ஆனா எழுதத் தெரிஞ்ச ஆளு. ரொம்ப நாளாச்சு, இந்த மாதிரி ஒண்ணு படிச்சு.”

அன்பரே, அச்சொல் தோர்வியின் செவியில் தேனாய் இறங்கியது. இன்னும் ஒரு சொல் விழாதா என்று பாதையோர விளக்குத்தூணுக்குப் பின்னே ஒதுங்கி, மூச்சடக்கி, ஈரத்தலைமயிர் வெள்ளிக்கம்பிகளாய் உறைவதையும், உள்ளங்கால் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்வதையும் உணராமல், அவன் செவியை நீட்டிக்கொண்டு நின்றான். அப்போது பின்னாலிருந்து ஒரு பேருருவம் தொம்தொம் என்று ஓடிவந்தது. வாரந்தோறும் கடைசியாக வந்து, வாரந்தோறும் எதிர்வழக்காடி அலுத்துப்போன கோயிற்குரு இல்லுகி, தூணோரம் நின்ற நண்பனைக் கண்டதும் கண்கள் மின்ன, அவனை இடித்துத் தள்ளிவிட்டு ஒரே பாய்ச்சலில் தொட்டிக்குள் விழுந்தான். நீர் நாற்புறமும் சிதறியது.

“தோர்வி, நீதான் கடைசி,” என்றான் இல்லுகி, வாய்க்குள் புகுந்த நீரைத் துப்பியபடி. “ஆண்டவன் இருக்கான்னு இன்னைக்கு நம்புறேன்.”

தன் புகழைத் தானே ஒட்டுக்கேட்கும் பேராசையால், தன் நூலைத் தானே தாக்கவேண்டிய நிலைக்கு ஆளான அவ்வேழை எழுத்தாளன், வேறு வழியின்றி நீருக்குள் இறங்கி அமர்ந்தான். உடம்பு சுட்டது, நெஞ்சு அதைவிடச் சுட்டது.

முதலில் அவன் தப்பிக்கவே பார்த்தான். அட்டைப்படத்தின் நீலம் கண்ணை உறுத்துகிறது என்றான். கதையில் மழை மிகுதி என்றான். இயல்களுக்குத் தலைப்பு வைத்திருக்கலாம் என்றான். இல்லுகி கொட்டாவி விட்டான். ஊனாவின் முகம் கறுத்தது.

“என்னப்பா இது, மாட்டுக்கு வயித்துவலின்னா நீ கொம்புக்குச் சாயம் பூசுறே,” என்றாள் அவள். “இந்தப் புத்தகத்தை எதிர்க்கிறதுன்னா உருப்படியா எதிர்த்துப் பேசு. அரைமனசா எதிர்த்தா அதை எழுதினவனுக்குத்தான் அவமானம்.”

எழுதினவன் அந்த அவமானத்தை வாயை மூடிக்கொண்டு விழுங்கினான். பிறகு, ஐயம் வராதிருக்கவேண்டுமே என்ற பதைப்பில் கைக்குக் கிடைத்த கல்லை எடுத்தான். ஆசா பேசும் பேச்சு பொய்ப்பேச்சு என்றான். “நீ கத்துறதைக் கத்து, நான் செய்யறதைச் செய்யறேன்” என்று காற்றைப் பார்த்து எந்தப் பெண்ணாவது பேசுவாளா, அறைக்குள் உட்கார்ந்து எழுதியவனின் கற்பனை அது என்று அடித்துப் பேசினான்.

“நான் பேசுவேன்,” என்றாள் ஊனா.

கன்று ஈனும் பசுக்களிடம் ஊனா சொல்லும் சொற்கள் அவை என்பதும், தானே தன் செவியால் கேட்டுத் திருடி எழுதிக்கொண்டவை என்பதும் அப்போதுதான் தோர்விக்கு உறைத்தன. முகவாய் மூழ்குமட்டும் நீருக்குள் இறங்கிக்கொண்டான். நன்னாவும் இல்லுகியும் விழுந்து விழுந்து சிரித்தனர், ஊனா சிரிக்கவில்லை.

நல்லவேளையாகப் பேச்சு ஆசா சொன்ன உறுதிமொழியின் பக்கம் திரும்பியது. இறந்தவனுக்குக் கொடுத்த சொல் இருப்பவளைக் கட்டுமா என்று இல்லுகி தூண்டிவிட்டான். கேட்டவனே போய்விட்டான், இனி அது யாருக்கு வேண்டும், உயிரோடிருப்பவள் குளிரில் வாட மண்ணுக்குள் இருப்பவனுக்கு என்ன இன்பம் என்பது அவன் வாதம். கேட்டவன் இல்லாதபோது காக்கும் சொல்தான் சொல், பார்த்துக்கொண்டிருக்கும்போது காப்பதற்குப் பெயர் அச்சம் என்று நன்னா மறுத்தாள். அப்படியானால் உன் மாமியாருக்குக் கொடுத்த சொல் என்னாயிற்று என்று இல்லுகி மடக்க, அது மாமியார், இது கணவன், இரண்டையும் ஒரே மாவில் பிசையாதே என்று அவள் கையால் நீரை வாரி அவன் முகத்தில் அடித்தாள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டியும், வெட்டிய இடத்திலிருந்தே புதுக்கிளை விட்டும், வாதம் மூண்டு எரிந்தது. அக்கம்பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கூடச் சுவர் ஓரம் வந்து பற்றிக்கொண்டு செவிமடுத்தனர்.

“கட்டுமா கட்டாதான்னு கேக்குறீங்களே,” என்றாள் ஊனா, இருவரையும் கையமர்த்தி. “அவ அந்தச் சொல்லோடயே இத்தனை வருஷம் இருந்துட்டா. இப்ப அதை எடுத்துட்டா அவகிட்ட மிச்சம் என்ன இருக்கு? அடுப்பை அவ காப்பாத்தல. அடுப்புதான் அவளைக் காப்பாத்துச்சு. அதுதான் இந்தப் புத்தகம்.”

தோர்வி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆண்டுக்கணக்கில் அந்நூலோடு படுத்து எழுந்த தனக்கே அது அத்தனை தெளிவாகத் தெரிந்ததில்லை. எழுதியவன் மறைந்தான், வாதம் செய்பவன் விழித்துக்கொண்டான். நெடுநாள் விடை கிடைக்காத கணக்கில் வழி புலப்பட்டதும் கரும்பலகையை நோக்கி ஓடுகிறவனைப்போல், தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதையும் எண்ணாமல் பேசத் தொடங்கினான்.

“அப்படின்னா கடைசி அத்தியாயம் பொய், ஊனா. நீயே சொல்லிட்டே. அடுப்புதான் அவளைக் காப்பாத்துச்சுன்னா, அடுப்பை விட்டுட்டு வந்தவ எப்படிப் பேரப்புள்ளைங்களோட சிரிச்சுக்கிட்டு இருப்பா? நம்ம ஊருல எந்த வீட்டுல புகைபோக்கி இருக்கு, சொல்லு. எல்லா வீட்டுலயும் சுவத்துக்குள்ள வெந்நீர்தானே ஓடுது. அவ வந்த மறுநாள் காலையில என்ன ஆச்சு? இருட்டோட எந்திரிப்பா. இத்தனை வருஷப் பழக்கம், கை தானா அடுப்பைத் தேடும். அடுப்பு இல்ல. நெருப்பு இல்லாமலே வீடு கதகதன்னு இருக்கு. அந்த வீட்டுல அவ கையை எங்க கொண்டுபோய் வைப்பா?”

நன்னா தன் இரு கைகளையும் நீருக்கு மேலே எடுத்து, அவற்றை அன்றுதான் காண்பவள்போல் பார்த்தாள்.

“அந்தக் காலை நேரத்தை எழுதினவன் எழுதவே இல்ல,” என்று தோர்வி தொடர்ந்தான். “எழுதப் பயந்துட்டான். அவ அழுவா, அவ கூட உக்காந்து நாமும் அழணும்னு பயம். அதனால ரெண்டு பேரப்புள்ளைய மடியில தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்திட்டான். எங்க ஆரம்பிக்கணுமோ அங்க புத்தகம் முடிஞ்சு போச்சு.”

சொல்லி முடித்தபின்னரே தான் சொன்னது இன்னதென்று அவனுக்கு விளங்கியது. பதிப்பாளர் கேட்கவில்லை, இதழ்கள் கேட்கவில்லை, தானும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வெந்நீரில் அமர்ந்து, எதிர்வழக்காட வாய்த்த ஊழால், தன் நூலின் உயிர்நிலையில் இருந்த ஓட்டையைத் தானே விரல்விட்டுக் காட்டிவிட்டான். வெட்கமும் துயரும் பொங்கவேண்டிய அவ்விடத்தில், நம்பினால் நம்புங்கள், அவனுக்குள் பொங்கியது களிப்பு. அந்தக் காலைப்பொழுது முழுதாகத் தன் கண்முன் நிற்பதை அவன் கண்டான்.

“நீ சொல்றது சரி,” என்றாள் ஊனா. “அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிச்சு முடிச்ச கையோட கிழிச்சுப் போட்டுட்டேன். அழுகுன குளம்பை வெட்டி எறியறதில்லையா, அப்படி. அதுக்காக மாட்டையே கொன்னுட மாட்டேன். மிச்சம் இருக்கிறது போதும் எனக்கு.”

அவ்வாறு சொல்லிக்கொண்டே, எவரும் தீர்ப்புக்கு அழைக்காமலே, அவள் தன் வலக்கையை நீரிலிருந்து உருவி நேராக உயர்த்தினாள். ஆவி பறக்கும் அந்தத் தடித்த கை உறைபனிக் காற்றில் கம்பமாய் நின்றது. இரண்டு ஆண்டாக எந்நூலுக்கும் எழாத கை அது. அடுத்து நன்னாவின் கை எழுந்தது. கருகிய அப்பங்களுக்கு அந்நூல் தகும் என்றாள் அவள். இல்லுகி சற்று முனகினான்; இறந்தவர் எதையும் கேட்பதில்லை என்ற தன் கருத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும், ஆயினும் வரும் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஆசாவைப் பற்றிப் பேசாமல் இருக்கத் தன்னால் முடியாது என்றும் சொல்லித் தன் பருத்த கையையும் நீட்டினான்.

மூன்று கைகள் எழுந்து நின்றன. மூவர் கண்களும் தோர்வியின்மேல் விழுந்தன.

இத்தனை ஆண்டு அவன் கனவில் கண்ட காட்சி இது. பெயர் தெரியாமல், முகம் பாராமல், அவன் மதித்த மூன்று பேர் தம் கைகளை உறைபனிக்கு ஈடு வைத்துக்கொண்டு அவன் நூலுக்காகக் காத்திருந்தனர். இனி அவன் கை ஒன்றே குறை. அது எழுந்தால் மாலைக்குள் அடுமனை வாயிலில் நூலின் பெயர் ஏறும். விழா இரவில் வீடுதோறும் ஆசாவின் அடுப்பு எரியும். அவன் வலக்கை நீருக்குள் பாதிவரை தானாகவே எழுந்துவிட்டது. யாருக்கு என்ன கேடு, ஒரு நூலில் ஓர் இயல் குறைந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா, ஊனாவே ஏற்றுக்கொண்டதை நீ ஏன் தள்ளவேண்டும் என்று ஆசை அவன் செவியில் ஓதியது. அவ்வேளையிலும், இருளில் அடுப்பைத் தேடி வெறுஞ்சுவரைத் தடவும் முதியவளின் கை அவன் கண்ணைவிட்டு அகலவில்லை. அவளை அங்கே அப்படியே நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் கையுயர்த்திக் களிப்பதா என்று எண்ணினான்.

உயர்ந்து நின்ற கைகளின் ஆவி அடங்கி, ஈரமயிரில் பூளைப்பஞ்சுபோல் வெண்பனி படரத் தொடங்கியது. இல்லுகியின் விரல்கள் சிவந்து விறைத்தன.

“தோர்வி, நாளைக்கு இந்தக் கையாலதான் மாவு பிசையணும்,” என்றாள் நன்னா, பற்கள் கிட்ட. “ஒண்ணு தூக்கு, இல்லன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலை.”

அவன் பாதி எழுந்த கையைக் கீழே இறக்கி, அது மறுபடி எழாதபடி தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

“என் கை எழாது,” என்றான். “அந்தப் புத்தகம் இன்னும் முடியல.”

மூன்று கைகளும் ஒருசேர நீருக்குள் விழுந்தன. அச்சாகி, அட்டை போட்டு, அஞ்சலில் வந்து சேர்ந்த நூலை முடியவில்லை என்கிறானே, கணக்கு வாத்தியாருக்குக் கதையைக் கொடுத்தால் விடையை மூன்றாம் இலக்கம்வரை கேட்பான் என்று இல்லுகி சாடினான். நல்ல நூலைக் கொன்றுவிட்டாய், இவ்வாண்டு பலகையில் என்ன எழுதுவேன், உன் தலையையா என்று நன்னா பொரிந்து தள்ளினாள். ஆயினும் கோபம் தணியுமுன்பே, அடுப்பில்லாத வீட்டில் ஆசா என்ன செய்வாள் என்று இருவரும் தங்களுக்குள் வாதிடத் தொடங்கி, வாதிட்டுக்கொண்டே எழுந்து, துண்டைப் போர்த்துக்கொண்டு, பனிப்பாதையில் குதிகாலால் நடந்து, சுடச்சுடக் குளம்பி குடிக்கப் போய்விட்டனர். தொட்டியில் ஊனாவும் தோர்வியும் எஞ்சினர். அவள் விறைத்த கையை மற்றொரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சு போச்சு, எழுதினது நீதான்னு,” என்றாள் பிறகு. “நன்னாகிட்டதான் தெரியலன்னு மழுப்பி வெச்சேன். ஆசா பேசுறது பூரா என் பேச்சு. என் சமையல்கட்டுல யாரோ ஒளிஞ்சிருந்த மாதிரி இருந்துச்சு.”

கோபமா என்று மட்டும் தோர்வி கேட்டான்.

“முதல்ல இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, எனக்கு வராத நாலு நல்ல வார்த்தையும் அவ பேசுறா. சரி, தொலையட்டும்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சுமா கை தூக்கினே?”

“உனக்காகத் தூக்கல. அவளுக்காகத் தூக்கினேன்,” என்ற ஊனா, அவனை நேராகப் பார்த்தாள். “நீ தூக்குறியான்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவும் சொல்லிட்டு நீயும் தூக்கியிருந்தேன்னு வை, ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிருப்பேன். அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஊரு குளத்துக்குப் போயிருப்பேன்.”

ஆவி இருவருக்குமிடையே சுருண்டு சுருண்டு எழுந்தது. முகட்டிலிருந்த செம்மை முழுவதும் கரைந்து, மலை வெளுத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் காலை நேரம்,” என்று அவள் கேட்டாள், “அது முன்னாடியே உனக்குத் தெரியுமா? இல்ல இப்ப தண்ணிக்குள்ள உக்காந்து வந்ததா?”

“இப்பத்தான் வந்துச்சு.”

“அப்புறம் இங்க ஏன்யா உக்காந்திருக்கே? வீட்டுக்குப் போ.”

அவன் எழுந்தான். தொட்டியிலிருந்து குளிப்பறைவரை ஓடக்கூடாது என்று காவற்காரர் எழுதிவைத்த பலகைக்கு முன்னாலேயே ஓடினான். தலையைத் துவட்டாமல், காலணியை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர் இவ்வாண்டுத் தொட்டி நூல் எது என்று கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்று சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுப் போனான். நன்னாவின் கடைப்பலகை அவ்விழாவில் வெறுமையாகவே தொங்கியது. கணக்கு வாத்தியார் ஒருவரால் வந்த கேடு என்று அவள் அப்பம் வாங்க வந்தவரிடமெல்லாம் முறையிட்டாள். மாணவரின் பெற்றோர் கடைத்தெருவில் அவனை நிறுத்தி, அப்படியென்ன பெரிய அறிவாளி நீ என்று கடிந்தனர். அவ்வளவையும் அவன் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டான்.

நூலை எழுதி முடித்தவர் பலர். முடிந்ததாக உலகம் ஒப்பிய நூலை, முடியவில்லை என்று தன் வாயால் சொல்லத் துணிபவர் சிலரே. அத்துணிவுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. பலகையில் பெயரும் எழுதுவதில்லை. அந்தக் காரிக்கிழமையன்று, வெளியே பனி மறுபடி பொழியத் தொடங்க, ஈரத்தலையோடும் கழற்ற மறந்த மேலங்கியோடும் மேசைமுன் குனிந்து, அடுப்பில்லாத வீட்டில் இருளோடு எழுந்து நின்ற ஒருத்தியின் கையை மெல்லப் பற்றிக்கொண்டு, அவள் அழுதபோது தானும் அழுது, எழுதிக்கொண்டே இருந்தான் தோர்வி. அன்றைய பொழுதில் அவ்வூரில் அவனைக்காட்டிலும் மகிழ்ந்திருந்தவர் எவருமிலர்.